எட்டு மாதம் நின்ற ரெக்கவரி வண்டி

படையின் வண்டிப் பிரிவில் மெக்கானிக்காக இருந்தபோது, எட்டு மாதமாக வெட்டவெளியில் நின்ற ஆறு சிலிண்டர் டீசல் ரெக்கவரி வண்டி (பழுதாகி நின்ற வண்டிகளை இழுத்து வரும் வண்டி) ஒன்றை மறுபடி ஓட வைக்கும் வேலை என்னிடம் வந்தது.

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தோம். கேபினைச் சாய்த்து, அதன் பூட்டு விழுந்ததைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே அடியில் தலையை நீட்டினேன். கூலன்ட் சரியான அளவில் இருந்தது. ஆயிலோ, அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. நின்ற வண்டியில் ஆயில் எப்படிக் கூடும்? அதுதான் உறுத்தியது.

கூட இருந்த டிரைவர் 24 வோல்ட்டுக்கு இரண்டு பேட்டரிகளையும் கொண்டு வந்துவிட்டார். "செல்ஃப் அடிச்சுப் பார்த்துடலாமா சார்?" என்றார். "இருப்பா, முதல்ல கையால சுத்திப் பார்ப்போம்" என்றேன்.

இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலை நெம்பி மெதுவாகச் சுற்றினோம். பிஸ்டன் சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் கம்ப்ரஷன் வரும்போது கைக்கு ஒரு ஸ்பிரிங் போலத் தெரியும். அழுத்தினால் கொஞ்சம் இடம் கொடுத்துத் தாண்டிவிடும். இங்கே அப்படி இல்லை. ஓரிடத்தில் பாறையில் முட்டியதுபோல் நின்றுவிட்டது. அதற்கு மேல் நான் அழுத்தவில்லை. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது; உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று தோன்றியது. அந்த நிலையில் ஸ்டார்ட்டர் முழு வேகத்தில் இழுத்திருந்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராட் வளைந்திருக்கும்.

தண்ணீர் வெளியேற வழி கிடைக்க, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி, முகத்தை விலக்கிக்கொண்டு மறுபடி சுற்றினோம். நான்காவது சிலிண்டரிலிருந்து துரு நிறத் தண்ணீர் கொப்பளித்து வந்தது. கூலன்ட் இல்லை, மழைத் தண்ணீர். நிமிர்ந்து பார்த்தேன். மேல் நோக்கி நிற்கும் புகைக்குழாயின் மூடி துருப்பிடித்துத் திறந்தபடியே மாட்டியிருந்தது. மழை அதன் வழியே இறங்கி, புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றைத் தள்ளும் டர்போவைக் கடந்து, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருந்ததால் அதன் வழியாக உள்ளே போயிருக்கிறது.

ஆயில் கூடிய காரணமும் அப்போது புரிந்தது. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கசிந்த தண்ணீர் கீழே ஆயில் தொட்டியில் போய்த் தங்கியிருந்தது. டிரெயின் போல்ட்டை மெல்லத் தளர்த்தியதும் முதலில் தண்ணீர்தான் வந்தது, அப்புறம்தான் கருப்பாக ஆயில்.

சிலிண்டர்களுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊற வைத்தோம். டர்போவின் அச்சை விரலால் சுற்றிப் பார்த்தேன், தடையில்லாமல் சுற்றியது. புது ஆயில், புது ஃபில்டர். டேங்கின் அடியில் தேங்கிய தண்ணீரையும் பழைய டீசலையும் இறக்கினோம். இன்ஜெக்டர்களைப் புது வாஷரோடு பூட்டி, கைப்பம்பை அடித்துக் குமிழி நிற்கும் வரை டீசல் குழாயிலிருந்து காற்று எடுத்தோம்.

டீசலை நிறுத்தி வைத்தே சிறிது சிறிதாக செல்ஃப் அடித்தோம். ஆயில் பிரஷர் முள் அசைந்த பிறகே டீசலைத் திறந்தேன். முதலில் வெள்ளைப் புகை, பத்து நிமிடத்தில் தெளிந்தது. ஆக்சிலரேட்டரை மிதிக்க யாரையும் விடவில்லை. காற்று பிரேக்கின் எச்சரிக்கை விளக்கு அணையும் வரை கட்டைகளையும் எடுக்கவில்லை. இன்ஜினை அணைக்கும் முன் டர்போ ஆறட்டும் என்று ஐந்து நிமிடம் ஐடிலில் (மெதுவான ஓட்டத்தில்) விட்டேன். அந்தப் புது ஆயிலையும் அன்றே இறக்கி மாற்றினேன். உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் பேரிங்குகளை அரித்துவிடும்.

மாலையில் ஏணியைத் தூக்கிக்கொண்டு, வரிசையில் நின்ற மற்ற வண்டிகளின் புகைக்குழாய்களைப் பார்க்கப் போனேன். இன்னும் இரண்டில் மூடியே இல்லை.