சித்தப்பாவின் நினைவாக

கடைசிவரை விற்பனைப் பிரதிநிதியாகவே பணியாற்றி ஓய்வுபெற்ற எங்கள் சித்தப்பா, பொருளைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன் வாடிக்கையாளரின் பிள்ளைகளைப் பெயர் சொல்லி விசாரிப்பார். அந்தப் பெயர்களெல்லாம் அவருடைய குறிப்பேட்டில், ஆர்டர் விவரங்களுக்குப் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதப்பட்டிருந்ததை இப்போதுதான் பார்த்தோம். விளையாட்டு என்றால் அவருக்கு உயிர். 1986 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக மாரடோனா தன் பாதியிலிருந்தே பந்தைக் கடத்திச் சென்று அடித்த இரண்டாவது கோலை, மாதிரிப் பெட்டிகளை மேசைமேல் தடுப்பாட்டக்காரர்களாக நிறுத்தி, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கிக் காட்டுவார். (கையால் தட்டிய முதல் கோலைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.) மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருந்தாலும், சித்தியிடமும் பிள்ளைகளிடமும் தொலைபேசியில் பேசாமல் அவர் உறங்கியதில்லை. விற்பனை இலக்கை எட்டாத மாதங்களில்கூட அந்தக் குரலில் சலிப்பு தெரிந்ததில்லை என்கிறார் சித்தி.