‘உன் பேர் என்ன?’

மார்ச் 12

எங்கள் பகுதித் தீயணைப்பு நிலைய அலுவலர் இன்று காலை அழைத்திருந்தார். ஏப்ரல் 2, உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளன்று தம் நிலைய வீரர்களுக்கும், பக்கத்துக் காவல் நிலையத்தினருக்கும், 108 ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் பேச இயலுமா என்று கேட்டார். 2008 முதல் கடைப்பிடிக்கப்படும் அந்த நாளில் நீல விளக்குகளையும் உறுதிமொழிகளையும்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பேசுவதிலும் பிறரோடு பழகுவதிலும் வேறுபாடு கொண்ட ஆட்டிசம் நிலை என் மகனுக்கு உண்டு. அவன் எங்காவது வழி தவறிப் போனால் அவனை முதலில் எதிர்கொள்ளப் போகிறவர்களே அழைத்ததால், மறுயோசனை இல்லாமல் ஒப்புக்கொண்டேன்.

மார்ச் 16

எதிலிருந்து தொடங்குவது என்று யோசிக்கும்போதெல்லாம் அந்தப் பேருந்து நிலையமே நினைவுக்கு வருகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், பதினேழு வயதில், என் கையை உதறிவிட்டுப் போன மகன், நின்றிருந்த ஒரு பேருந்தின் சக்கரத்தையே உற்றுப் பார்த்துக் கைகளை உதறிக்கொண்டிருந்தான். பணியிலிருந்த காவலர் ஒருவர் “உன் பேர் என்ன?” என்று கேட்க, அவனும் “உன் பேர் என்ன?” என்றான். அவர் குரலை உயர்த்திக் கேட்டார். இவனும் அதே உயரத்தில் திருப்பிச் சொன்னான். நான் ஓடிச் சேர்வதற்குள் கன்னத்தில் ஓர் அறை விழுந்துவிட்டது.

கேட்ட சொல்லை அப்படியே திருப்பிச் சொல்வதை எக்கோலாலியா என்கிறார்கள். கேள்வியைப் புரிந்துகொள்ள முயலும்போதும், பதற்றத்திலும் ஆட்டிசம் உள்ள பலர் இப்படிச் செய்வதுண்டு. ‘நான்’, ‘நீ’ இடம் மாறுவதும் இதோடு சேர்ந்து வருவதுண்டு. நம் மொழியில் இதற்குத் தனியாக ஓர் ஆபத்து இருக்கிறது: வயதில் மூத்தவரை, அதுவும் சீருடையில் இருப்பவரை, ‘நீ’ என்று சொல்லிவிட்டால் அது திமிராகவே காதில் விழும். “நீதான் எடுத்தியா?” என்று கேட்டு “நீதான் எடுத்தியா” என்ற பதில் வந்தால், அந்த விசாரணை எந்தத் திசையில் போகும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. பிற நாட்டுப் பயிற்சிக் கையேடுகளில் இந்த ‘நீ’யைப் பற்றி எதிர்பார்க்க முடியாது. இதை நாம்தான் எழுத வேண்டும்.

மார்ச் 23

2016 ஜூலையில் அமெரிக்காவின் வடக்கு மயாமியில் நடந்ததை மறுபடி படித்தேன். ஆட்டிசம் உள்ள இளைஞர் ஒருவர் பொம்மை லாரியுடன் சாலையில் அமர்ந்திருக்க, அதைத் துப்பாக்கி என்று எண்ணி யாரோ காவல்துறையை அழைத்துவிட்டார்கள். அவருடைய பராமரிப்பாளர் கைகளை உயர்த்தியபடி படுத்து, அது பொம்மைதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தும், காவலர் சுட்ட குண்டு அந்தப் பராமரிப்பாளரின் காலில் பாய்ந்தது. இளைஞரைத்தான் குறி வைத்ததாக அந்தக் காவலர் பின்னர் கூறினார்.

நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, காவல் அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்புகள் அனைத்திலும் மாற்றுத்திறனாளிகளின் உரிமை இடம்பெற வேண்டும் என்கிறது. ஏப்ரல் 2 அன்று நாங்கள் கேட்கப்போவது சலுகை இல்லை என்பதை இந்த ஒரு வரியைக் கொண்டே சொல்லிவிடலாம்.

ஏப்ரல் 2

ஏறக்குறைய நாற்பது பேர் வந்திருந்தார்கள். படக்காட்சியைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, “உங்கள் பேர் என்ன என்று என்னிடம் கேளுங்கள், கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள்” என்றேன். நான் பதில் சொல்லாமல் நின்றேன். ஆறாவது நொடியில் ஒருவர் மறுபடி கேட்டுவிட்டார். மறுபடி கேட்கும்போது என் மகன் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்று சொன்னபோது அறை அமைதியானது. ஒருவர் மட்டும் பேசுவது, சின்னச் சொற்களில் பேசுவது, பின்னாலிருந்து தொடாமலிருப்பது, முடிந்தால் சைரனையும் சுழல்விளக்கையும் அணைப்பது ஆகியவற்றை அதன் பிறகு சொன்னபோது எவரும் மறுக்கவில்லை.

ஒரு சிறப்பு சார்பு ஆய்வாளர் மட்டும் எழுந்து, “போதையில் இருப்பவனும் இப்படித்தாம்மா நிற்பான், நாங்கள் எப்படிப் பிரித்தறிவது?” என்று கேட்டார். நேர்மையான கேள்வி. பார்த்தவுடனே பிரித்தறிய வேண்டியதில்லை, கையில் ஆயுதம் இல்லாதபோது தள்ளி நின்று காத்திருந்தால் இருவருக்குமே கேடு வராது என்றேன். கட்டுப்படுத்தியே ஆக வேண்டும் என்றாலும் குப்புறக் கிடத்தி முதுகில் அழுத்தக் கூடாது, மூச்சு நின்றுவிடும் என்பதை இரண்டு முறை சொன்னேன்.

தீயணைப்பு வீரர்களிடம், புகை சூழ்ந்த வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இப்பிள்ளைகள் குரல் கொடுக்காமல் கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்கக்கூடும் என்றும், வெளியே கொண்டுவந்த பின்னும் பழகிய இடம் என்பதால் மறுபடி உள்ளே ஓடக்கூடும் என்றும், ஆகவே ஒருவர் உடனிருக்க வேண்டும் என்றும் கூறினேன். காணாமற்போன பிள்ளையைத் தேடும்போது முதலில் நீர்நிலைக்குச் செல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் நான்கு வயதுக்குப் பின் ஒருமுறையாவது வீட்டை விட்டோ பாதுகாப்பான இடத்தை விட்டோ வெளியேற முயன்றவர்கள் 49 விழுக்காடு என்று பெற்றோர் தெரிவித்திருந்தனர். அப்படிப் போய் இறப்பவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது தண்ணீர்தான். உடனே நிலைய அலுவலர் சுவரிலிருந்த வரைபடத்தருகே சென்று, தம் எல்லைக்குள் இருக்கும் கண்மாய்களையும் மூடாத கிணறுகளையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லத் தொடங்கிவிட்டார். அவர் சொல்லச் சொல்ல ஓர் இளம் வீரர் எழுதிக்கொண்டார்.

108 வண்டியின் பைலட், அதாவது ஓட்டுநர், வலித்தாலும் சொல்லத் தெரியாதவரை எப்படிப் பரிசோதிப்பது என்று கேட்டார். ஒவ்வொரு கருவியையும் முதலில் காட்டிவிட்டுத் தொடுங்கள், அழவில்லை என்பதால் அடிபடவில்லை என்று எண்ணிவிடாதீர்கள் என்றேன்.

ஏப்ரல் 6

தொண்டை இன்னும் சரியாகவில்லை. அவசர அழைப்பில் சொல்வதற்காக மகனைப் பற்றி நான்கு வரிகள் எழுதி, மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் யு.டி.ஐ.டி. அடையாள அட்டையின் நகலுடன் சேர்த்து அவன் பையில் வைத்தேன். மூன்றாவது வரி: “கேட்டதைத் திருப்பிச் சொல்வான், ‘நீ’ என்பான், மரியாதைக் குறைவாக எண்ண வேண்டாம்.”

ஏப்ரல் 13

நிலைய அலுவலர் தாமாகவே அழைத்து, வண்டி சும்மா நிற்கும் நேரத்தில் மகனைக் கூட்டி வரச் சொன்னார். காதுமூடி அணிந்து வந்தவன் இருபது நிமிடம் வாசலைத் தாண்டவில்லை. எவரும் அவனை அவசரப்படுத்தவில்லை. பிறகு நேராகப் பின்சக்கரத்துக்குப் போய் அதன் மரைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அன்று குறிப்பெடுத்த அந்த இளம் வீரர் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்து, “உன் பேர் என்ன?” என்றார்.

“உன் பேர் என்ன?” என்றான் மகன்.

அவர் தம் பெயரைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.