மஞ்சள் நோட்டீசுக்கு முன் ஒரு பட்டியல்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கடன் முற்றியவர்கள் பாதிப்பேர் முடிவெடுத்துவிட்டுத்தான் வக்கீல் ஆபீஸ் படியேறுகிறார்கள்: "ஐ.பி. போட்டுடலாம் சார்." ஐ.பி. என்பது கடனை அடைக்க வழியில்லை என்று நீதிமன்றத்தில் போடும் திவால் மனு. அதன் அறிவிப்பான மஞ்சள் நோட்டீஸ் போய்ச் சேர்ந்தால் மறுநாளே கடன் கொடுத்தவர்கள் ஓய்ந்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். மனு நம்பர் ஆனதோடு யாரும் ஓய்வதில்லை.

தனிநபருக்கு இங்கே பொருந்துவது இன்னமும் 1920-ஆம் வருடத்து மாகாணத் திவால் சட்டம். 2016-ல் வந்த புதுச் சட்டத்தில் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பரில் அமலுக்கு வந்தது. ஆகவே பாலக்கோட்டில் தக்காளி வியாபாரத்தில் நொடித்தவருக்கும், ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்துக்கொண்டு ஆப் கடனில் மாட்டியவருக்கும் அந்தப் பழைய சட்டம்தான் கதி. கடனை அடைக்க வழியில்லை என்பதோடு, கடன் 500 ரூபாயாவது இருக்கவேண்டும். அல்லது பணத் தீர்ப்பின் பேரில் கைதாகியிருக்க வேண்டும், இல்லையேல் சொத்து ஜப்தியில் இருக்கவேண்டும். 500 ரூபாய் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. இன்றைக்கு அந்த வாசற்படியில் யாரும் தடுக்கி விழமாட்டார்கள்.

விழுவது பட்டியலில். மனுவோடு எல்லாக் கடனும் எல்லாச் சொத்தும் வரவேண்டும். முதல் நாளே ஒரு முழுத்தாளில் கட்டம் போட்டு எழுதச் சொல்வது நல்லது: யாரிடம் வாங்கியது, என்றைக்கு, அசல் எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, எந்தத் தாளில் கையெழுத்து, கூட ஜாமீன் போட்டது யார். வங்கிக் கடனை எழுதிவிடுவார்கள். மச்சானிடம் வாங்கியது, சீட்டு எடுத்துவிட்டுக் கட்டாத பாக்கி, உரக்கடைப் பாக்கி, வெற்றுச் செக்கு கொடுத்து வாங்கியது எல்லாம் இரண்டு மூன்று தடவை கேட்டால்தான் வெளியே வரும். தொகையைவிட அந்த ஐந்தாவது கட்டம்தான் முக்கியம். நகைக்கடனும் டிராக்டர் கடனும் ஈடு உள்ளவை. திவால் ஆனாலும் ஈட்டை விற்றுக்கொள்ளும் உரிமை கடன் கொடுத்தவருக்கு அப்படியே இருக்கும். செக்கு திரும்பிய வழக்கு குற்ற வழக்கு, ஐ.பி.யைக் காட்டி நிறுத்த முடியாது. அரசுக்கு உள்ள பாக்கியும் மோசடியில் வந்த கடனும், கடனிலிருந்து விடுவிக்கும் விடுதலை உத்தரவுக்குப் பிறகும் நிற்கும். ஜாமீன் போட்டவரும் தப்பமாட்டார். இது தெரியாமல் தம்பியை ஜாமீனாக வைத்துவிட்டு அண்ணன் ஐ.பி. போட்டால், அடுத்த மாதம் தம்பி வீட்டு வாசலில் ஆள் நிற்கும்.

ஆகக் கழித்தால் மிஞ்சுவது பெரும்பாலும் புரோ நோட்டும் ஈடில்லாத கடனும்தான். அவை கனமாக இருந்து, ஒன்றிரண்டு தீர்ப்பும் ஆகி, ஈ.பி. (தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனு) ஓடிக்கொண்டிருந்தால் ஐ.பி.யில் அர்த்தம் உண்டு. குழுக்கடனும் நகைக்கடனும் மட்டுமே உள்ளவருக்கு அது வீண் செலவு என்பதே என் கணிப்பு.

அதிகம் கெடுப்பது, சொத்தைக் குடும்பத்தார் பேருக்குச் சும்மா எழுதிக்கொடுக்கும் செட்டில்மெண்ட் பத்திரம். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால், மனு போடுவதற்கு மூன்று மாதம் முன்னால் ஒன்றரை ஏக்கர் மனைவி பேருக்குப் போயிருக்கும். திவால் மனு போட்டதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் சும்மா எழுதிக்கொடுத்தது செல்லாது என்று 53-ஆம் பிரிவில் ரத்து செய்ய முடியும். மற்றவர்களை விட்டுவிட்டு வேண்டிய ஒருவருக்கு மட்டும் முந்திக் கட்டியிருந்தால் 54-ஆம் பிரிவு. அதற்கு மூன்று மாதக் கெடு. சொத்தை மறைத்தது தெரிந்தால் ஒரு வருடம் வரை சிறைக்கும் இடமுண்டு. நிலத்தைக் காப்பாற்ற எழுதிய பத்திரமே மனுதாரருக்கு எதிரான முதல் சாட்சி ஆகிவிடுகிறது.

பாதுகாப்பு எப்போது வரும்? திவால் என்று நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகு, அனுமதி இல்லாமல் அந்தக் கடனுக்குப் புது வழக்கு போட முடியாது. அதுவரை ஈ.பி. நடக்கும், தனியாக இடைக்கால உத்தரவு கேட்கவேண்டும். திவால் உத்தரவிலேயே விடுதலைக்கு விண்ணப்பிக்க ஒரு கெடு இருக்கும். கெடு தப்பினால் 43-ஆம் பிரிவின்படி எல்லாம் ரத்தாகி, பழைய கடன்கள் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். உத்தரவு வந்ததும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

ஐ.பி. இல்லாமலே சட்டம் தரும் காப்பு கொஞ்சம் உண்டு. பணத் தீர்ப்புக்காகப் பெண்ணைக் கைது செய்ய முடியாது. உழவர் குடியிருக்கும் வீடு, உழவுக் கருவி, மாடு, விதை, சமையல் பாத்திரம் இவற்றை சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு ஜப்தியிலிருந்து விலக்குகிறது. சம்பளத்தில் முதல் ஆயிரமும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடக்கூடாது. வருடத்துக்கு 3 லட்சத்துக்குள் வருமானமுள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் கொடுத்த குழுக்கடன் என்றால், காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் வசூலுக்கு போன் செய்யக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. புகாரை முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் கொடுத்து, 30 நாள் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம். கந்துவட்டி, மீட்டர் வட்டிக்கு 2003-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. கொடுக்கவேண்டியதை நீதிமன்றத்தில் கட்டித் தீர்த்துக்கொள்ளவும் அதில் வழி உண்டு. வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்களும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். 15100-க்கும் போன் செய்யலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்ப்பதில்லை.

பெங்களூர் வேலைக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை. சம்மன் ஊர் விலாசத்துக்கு வரும், வீட்டில் யாரும் வாங்கமாட்டார்கள், எதிர்த்தரப்பு வராமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகிவிடும். அதை நீக்க 30 நாள்தான், தாமதித்தால் காரணத்தோடு தனி மனு.

ராஜி பேசுவதாக இருந்தால் லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றம் நல்ல இடம். அங்கே ஆன தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பும். வங்கியோடு குறைத்துப் பேசி முடித்தால் கடிதம் கைக்கு வந்த பிறகே பணம் கட்டவேண்டும். கிரெடிட் அறிக்கையில் 'செட்டில்டு' என்றுதான் பதிவாகும், 'குளோஸ்டு' என்று ஆகாது. அடுத்த கடன் கேட்கும்போது அது தெரியும்.

தீர்ப்பான கடனை வெளியிலேயே கட்டிவிட்டு, புரோ நோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். கட்டியதைக் கோர்ட்டில் பதியாவிட்டால் ஈ.பி. நடத்தும் நீதிமன்றம் அந்தப் பணத்தைக் கணக்கிலேயே எடுக்காது. கடனைக் கட்டியவர் பதிவு கேட்டு மனு போட 30 நாள்தான் கெடு.