கல்லாவிலிருந்து எடுத்துக்கோ

செப்டம்பர் 2, செவ்வாய்

தம்பி வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்திருக்கிறான். இன்று மத்தியானம் கட்டிங் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டே கேட்டான்: “அக்கா, கடைசி 6 மாசச் சம்பளச் சீட்டு கேக்கறாங்க. என்ன குடுக்கறது?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவன் இந்த அச்சகத்துக்கு வந்து 3 வருடம் தாண்டிவிட்டது. சம்பளச் சீட்டு என்ன, சம்பளமே கிடையாது. வேண்டும்போது கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்வான். பெரிய தொகை என்றால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்வான். “உன் கடைடா, எடுத்துக்கோ” என்பேன். மாதத்துக்கு எவ்வளவு எடுக்கிறான் என்பது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

“நானே ஒரு சீட்டு அடிச்சுத் தரேன்டா” என்றேன். அச்சகம் வைத்திருப்பவள் வாயில் வரக்கூடாத வாக்கியம். அவன் சிரிக்கவில்லை. “பேங்க் கணக்குல மாசாமாசம் பணம் வந்திருக்கணுமாம்க்கா.”

செப்டம்பர் 5, வெள்ளி

ஆடிட்டரைப் பார்த்தேன். தம்பி எடுத்த பணமெல்லாம் கணக்கில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். “உங்க பேர்லதான் இருக்கு. முதலாளி சொந்தச் செலவுக்கு எடுத்ததுன்னு எழுதியிருக்கேன்” என்றார்.

அதாவது, அவன் பெட்ரோல், அவன் பிள்ளையின் பள்ளிக் கட்டணம், அவன் வீட்டு வாடகை எல்லாம் நான் எனக்காகச் செலவழித்தது. அது தொழில் செலவில் சேராது. சேராததால் லாபம் அந்த அளவுக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. இல்லாத அந்த லாபத்துக்கு 3 வருடமாக வரியும் கட்டியிருக்கிறேன்.

பழைய தேதி போட்டு இப்போது எழுதிவிட முடியுமா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சரி, புரிந்தது. கொடுக்காத சம்பளத்தைக் கொடுத்ததாக எழுதினால் அது பொய்க்கணக்கு. இந்த மாதத்திலிருந்து தொடங்கச் சொன்னார். சொந்தக்காரருக்குப் போகும் சம்பளத்தை வரித்துறை எங்கேயும் கொஞ்சம் உற்றுத்தான் பார்க்குமாம். ஆள் உண்மையிலேயே வேலை செய்கிறாரா, அந்த வேலைக்கு வெளியாளுக்குக் கொடுக்கும் தொகைதானா, பணம் நிஜமாக அவர் கைக்குப் போனதா என்று கேட்பார்கள். வேலைக்கே வராத பிள்ளைகள் பெயரில் சம்பளம் எழுதுகிறவர்களால் வந்த வினை. கணவன், மனைவி, சின்னப் பிள்ளைகள் என்றால் பல இடங்களில் தனி விதிகளே உண்டு என்றார். தம்பி அளவுக்கு அவ்வளவு சிக்கல் இல்லை.

இன்னொன்றும் சொன்னார். சம்பளம் என்று வந்துவிட்டால் பிடித்தம், முதலாளி கட்ட வேண்டிய பங்கு எல்லாம் கூடவே வரும். கையில் கொடுப்பதைவிட எனக்குச் செலவு கூடும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. பழைய கொட்டேஷன் ஃபைலைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

போன வருடம் ஒரு பள்ளி ஆண்டு மலர் செய்தோம், 160 பக்கம். காகிதம், பிளேட், மை, பைண்டிங், 2 ஆட்களின் கூலி, மின்சாரம், மிஷின் தேய்மானம் என்று நான் வரிசையாகப் போட்டிருக்கிறேன். கீழே லாபம் அழகாக இருக்கிறது. ஆனால் பக்கம் வடிவமைத்தது யார்? 3 முறை புரூஃப் பார்த்தது, ராத்திரி வேலை ஓடும்போது கூட நின்றது, கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கியது? அவன் வேலை செய்த நேரத்தை உத்தேசமாகக் கூட்டினேன். 70 மணி நேரம் வருகிறது. வெளியாள் வைத்திருந்தால் ஆகியிருக்கும் கூலியைப் போட்டுப் பார்த்தேன். லாபம் காணாமல் போய், கொஞ்சம் நஷ்டமும் வந்தது.

இன்னும் 4 ஃபைல் எடுத்துப் பார்த்தேன். 2 வேலை தேறியது. மற்ற 2-உம் அதே கதைதான்.

மற்றவர்களைவிடக் குறைத்துக் கொடுக்கிறேன் என்று இந்தத் தொழிலில் எனக்கு ஒரு பெயர் உண்டு. காகிதம் வாங்குவதில் நான் கெட்டிக்காரி என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். குறைந்தது காகிதத்தின் விலை இல்லை, தம்பியின் கூலி.

செப்டம்பர் 11, வியாழன்

மகள் பொருளாதாரம் படிக்கிறாள். விஷயத்தைச் சொன்னதும், “அம்மா, மாமாவுக்கு ஒரு பேரே இருக்கு” என்றாள். தொழிலாளர் புள்ளிவிவர நிபுணர்கள் உலக அளவில் கூடி, யார் யார் எந்த வகை உழைப்பாளி என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்களாம். அதில் குடும்பத் தொழிலில் உதவுகிறவர்களுக்கென்று தனி வகை. 1993-இல் போட்ட பட்டியலில் ஒரே வீட்டில் வாழ்ந்தால்தான் அந்த வகையில் சேர்ப்பார்கள். “மாமா தனி வீட்ல இருக்கார், அதுல வரமாட்டார். 2018-ல மாத்தினாங்க. குடும்பத்து ஆளா இருந்தா போதும்.”

அந்த 2018 விளக்கத்தைத் தமிழில் சொல்லச் சொன்னேன். ஒழுங்கான சம்பளம் கிடையாது, அவ்வப்போது கையில் கொஞ்சம் பணம் கிடைக்கலாம். கல்லாப்பெட்டிதான்! தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதியது போல இருந்தது. தொழிலின் முக்கியமான முடிவுகளை எடுப்பவரும் அவர் இல்லை என்று அவள் முடித்தபோது, அதை நான் அவ்வளவாகக் காதில் வாங்கவில்லை.

செப்டம்பர் 13, சனி

இந்தத் தொழிலில் இருக்கும் 2 பேரிடம், டிசைன் தெரிந்து மேற்பார்வையும் செய்கிற ஆளுக்கு என்ன தருவார்கள் என்று விசாரித்தேன். அவன் செய்கிற வேலைகளை ஒரு தாளில் எழுதினேன். ஒரு பக்கம் போதவில்லை. நடுவாக ஒரு தொகை முடிவு செய்து, சாயங்காலம் மிஷின் நின்றதும் அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். நல்ல தொகைதான். மனதுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

தாளை வாங்கி நிதானமாகப் படித்தான். மடித்தான்.

“நான் சீட்டுதான்க்கா கேட்டேன். சம்பளம் கேக்கல.”

“ரெண்டும் ஒண்ணுதானேடா.”

“இல்லக்கா. ‘உன் கடைடா’ன்னு நீதான சொல்லுவ. பாதி என்னுதுன்னு நெனச்சுத்தான் ராத்திரியெல்லாம் நின்னேன். இப்ப மேற்பார்வை ஆளுன்னு எழுதிருக்க.”

மடிப்பு மிஷின் வாங்கியபோது, முந்தைய வேலையை விட்டதில் வந்த பணத்தை அவன் கொடுத்தது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. மறந்துபோனது என்று சொல்ல முடியாது. எங்கேயும் எழுதாததால் அது கண்ணில் படவே இல்லை. மிஷின் என் பெயரில்தான் இருக்கிறது.

“உன் கடைடா” என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அவன் கடை என்றால் எடுப்பதற்கு முன்னால் என்னிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

செப்டம்பர் 14, ஞாயிறு

அம்மா போனில். “கூடப் பொறந்தவனுக்குக் கூலி போட்டுக் குடுக்கறியாமே?” தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று ஊரார் பாகப்பிரிவினைக்கெல்லாம் நீதானேம்மா சொல்வாய் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஒரு வாரம் அவன் வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை. இன்று நானே அவன் வீட்டுக்குப் போனேன். தம்பி மனைவியும் உட்கார்ந்தாள். இத்தனை நாள் அவளைக் கூப்பிடாததே தப்பு. மாதக் கடைசியில் வீட்டில் என்ன இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

மிஷினுக்குக் கொடுத்த பணத்தைக் கடனாக எழுதுவதா, பங்காக எழுதுவதா என்பதில்தான் நேரம் போயிற்று. கடனென்றால் தொழில் படுத்தாலும் அவனுக்குத் திரும்பி வர வேண்டும். பங்கென்றால் நஷ்டத்திலும் அவனுக்குப் பாதி. அதைக் கேட்டதும் அவள், “கடனாவே எழுதுங்க அண்ணி” என்றாள். 24 தவணை. சம்பளம் தனி, நான் சொன்னதைவிடக் கொஞ்சம் கூட்டி. பாதிப் பங்கு என்ற பேச்சு மட்டும் தீரவில்லை. அவன் கூலியையும் செலவில் போட்டு ஒரு வருடம் கணக்கை முடித்துப் பார்ப்போம், அதற்கப்புறம் பிரிக்க என்ன மிஞ்சுகிறது என்று தெரியும் என்றேன். தள்ளிப்போடுகிறேன் என்று அவன் நினைத்திருக்கலாம். கொஞ்சம் உண்மைதான். ஆனால் வருடம் முடியும் தேதியைத் தாளில் எழுதச் சொன்னான். எழுதினேன்.

போன 3 வருடத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

செப்டம்பர் 24, புதன்

கட்டிங் மிஷின் பெரியவர் 11 வருடமாக இங்கே இருக்கிறார். தம்பியின் சம்பளம் அவருடையதைவிடக் கூடுதல். வேறு வாய் வழியாக அவர் காதுக்குப் போகக்கூடாதென்று நானே சொன்னேன். தொகையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. “நல்லதும்மா. தம்பி கல்லாவுல கை வைக்கறப்பல்லாம் நாங்க வேற பக்கம் பாக்க வேண்டியிருந்துச்சு” என்றார்.

அந்த வீடு கைவிட்டுப் போயிற்று. இன்னும் 6 மாதம் காத்திருக்க விற்பவருக்கு மனமில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

காலையில் முதல் சம்பளத்தை அவன் வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். சீட்டை நானே கம்ப்யூட்டரில் அடித்து, நல்ல காகிதமாகப் பார்த்து எடுத்து அவன் மேசையில் வைத்தேன்.

பத்து நிமிடத்தில் அது என் மேசைக்குத் திரும்பி வந்தது. அவன் புரூஃப் பார்க்கும் சிவப்புப் பேனாவால் 2 இடத்தில் சுழித்திருந்தான். இனிஷியல் தப்பு. ‘பிடித்தம்’ ‘பிடித்தாம்’ ஆகியிருக்கிறது. ஓரத்தில், வாடிக்கையாளர் தாள்களில் எழுதுகிற அதே கையெழுத்தில்: “திருத்தி மறுபடி எடுக்கவும்.”