அப்பாவின் 40 ஜிபி

போன மாதம் கும்பகோணம் வீட்டில் பரண் ஒழித்தபோது, அப்பா டிடிபி கடை வைத்திருந்த காலத்து சிபியு ஒன்று கீழே இறங்கியது. கூடவே ஒரு பிஸ்கட் டின் நிறைய ஃபிளாப்பிகள். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், 2004 மகாமகத்துக்கு ஒரு கோயிலுக்குப் போட்டுக்கொடுத்த மலர் என்று கடையின் ஆயுசு மொத்தமும் அதற்குள்தான். எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் அம்மா. "தாத்தா எழுதின தலவரலாறு இதுலதாம்மா இருக்கு. நோட்டைத்தான் கறையான் தின்னுடுச்சே" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே அப்பா பவர் கேபிளைச் சொருகப் போனார்.

ஓடிப்போய்த் தடுத்தேன்.

விண்டோஸ் பூட் ஆகும்போதே டிஸ்கில் எதையாவது எழுத ஆரம்பித்துவிடும். முன்பு சரியாக அணைக்காமல் விட்டிருந்தால், "சரிபார்க்கிறேன்" என்று தானாகவே கிளம்பும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு தோழியின் கல்யாண ஃபோட்டோக்கள் இருந்த டிஸ்க் திறக்கவில்லை என்று கொண்டுவந்தாள். நான் பெரிய மேதாவி மாதிரி, டிஸ்கைச் சரிசெய்யும் விண்டோஸின் செக்டிஸ்க் நிரலை ஓட்டினேன். முடிந்தபோது ஃபோல்டர்களைக் காணோம். எண் போட்ட துண்டுக் கோப்புகள்தான் மிச்சம். இன்றும் நன்றாகத்தான் பேசுகிறாள். ஃபோட்டோ பேச்சை மட்டும் இருவருமே எடுப்பதில்லை.

அதனால் இந்த முறை டிஸ்கை மட்டும் கழற்றிக் கோயம்புத்தூருக்கு எடுத்து வந்தேன். 40 ஜிபி, பட்டையான ஐடிஇ கேபிள் காலத்துச் சரக்கு. என்னிடம் ஐடிஇ போர்ட் உள்ள பழைய மதர்போர்டு ஒன்று இருந்தது நல்லதாகப் போயிற்று. யூஎஸ்பி அடாப்டரிலும் செய்யலாம். ஆனால் மலிவான அடாப்டர்கள் பேட் செக்டரில் (செக்டர் என்பது டிஸ்கின் 512 பைட் துண்டு, பேட் என்றால் கெட்டுப்போனது) மாட்டினால் அப்படியே உறைந்துவிடும், பிடுங்கிச் சொருக வேண்டியிருக்கும். லினக்ஸில், டிஸ்கைத் தானாகத் திறக்கும் ஆட்டோமவுண்ட்டை நிறுத்தி, எழுத முடியாதபடி ரீட்-ஒன்லி ஆக்கிவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். சீரான ஹூம் சத்தம். டிக் டிக் என்று சொடுக்கியிருந்தால் அங்கேயே பவரை நிறுத்தியிருப்பேன். படிக்கும் ஹெட் கெட்டுப்போன டிஸ்கைச் சுழல விடுவது, தகவல் இருக்கும் தட்டையே சுரண்டுகிற வேலை. அது தூசியில்லா அறை வைத்திருப்பவர்களுக்கான கேஸ். ஃபிரீசரில் வைத்து எடுக்கச் சொன்னார் சித்தப்பா. வெளியே எடுத்ததும் உள்ளே வியர்த்து ஈரம் கோக்கும் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் நம்பவில்லை.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 197ஆம் வரியைத்தான் முதலில் பார்ப்பேன். படிக்க முடியாமல் தவணை சொல்லிக்கொண்டிருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை அது. 61 என்று காட்டியது. அது வெறும் முன்பணம் என்று அப்புறம்தான் தெரிந்தது.

டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாக, அதாவது இமேஜாகப் படியெடுக்க நான் நம்புவது அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை. (உபுண்டு லினக்ஸில் முன்னால் ஒரு ஜி சேர்த்து, ஜிடிடிரெஸ்க்யூ என்று தேடினால்தான் பேக்கேஜ் கிடைக்கும். கட்டளையில் அந்த ஜி கிடையாது. ஏன் இப்படிப் படுத்துகிறார்களோ.) லினக்ஸில் படியெடுக்கும் சாதாரண டிடி கட்டளை முதல் பிழையிலேயே நின்றுவிடும். பிழையைத் தாண்டிப் போகச் சொன்னாலும், விட்ட இடத்தைச் சரியாக நிரப்பச் சொல்லாவிட்டால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் இடம் நகர்ந்துவிடும்.

டிடிரெஸ்க்யூ வேலை செய்யும் விதம் எங்கள் ஊர் அறுவடை மாதிரி. முதலில் கட்டுக்கட்டாக வருவதை வாரிக் களத்தில் சேர்க்கும். சேற்றுப் பகுதி வந்தால் மல்லுக்கட்டாமல் தாண்டிப்போகும். சிந்திய கதிரைப் பொறுக்குவது எல்லாம் முடிந்த பிறகுதான். சாகக் கிடக்கும் டிஸ்குக்கு எவ்வளவு மூச்சு மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. அதைக் கெட்ட இடத்தில் முட்டியே செலவழித்துவிட்டால் நல்ல இடமும் போய்விடும். எது வந்தது, எது வரவில்லை என்ற கணக்கை மேப்ஃபைல் என்ற சின்ன உரைக்கோப்பில் எழுதிக்கொண்டே போகும். அது இல்லாமல் ஓட்டவே கூடாது. ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போயிற்று, யூபிஎஸ் பேட்டரியோ செத்து ஆறு மாதம். காலையில் அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தேன், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

முதல் சுற்று ஒன்றரை மணி நேரம். 99 சதவீதத்துக்கு மேல் வந்துவிட்டது. மிச்சத்தைச் சுரண்ட ஒன்றரை நாள். டேபிள் ஃபேனை டிஸ்கின் மேல் திருப்பி வைத்துவிட்டு நான் புழுங்கினேன். மூன்று முறை மறுமுயற்சி, பின்னாலிருந்து முன்னால் ஒரு முறை. ஏழு கோடியே எண்பத்தொரு லட்சத்துச் சொச்சம் செக்டரில் கடைசிவரை பிடிகொடுக்காதவை 212. அதாவது 106 கேபி.

அந்த ஓட்டைகள் எந்தக் கோப்புகளில் விழுந்தன? இமேஜின் நகல் ஒன்றில், படிக்காத செக்டர்களை மட்டும் ஒரு அடையாளச் சொல்லால் நிரப்பிவிட்டு, கோப்புகளில் அந்தச் சொல்லைத் தேடினேன். சில விண்டோஸ் கோப்புகள், இரண்டு சினிமாப் பாட்டு, அப்புறம் மகாமக மலர். அது பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளின் கோப்பு, நடுவில் ஒரு துண்டு போனதும் திறக்க மறுத்துவிட்டது. மலர் போனது போனதுதான்.

தலவரலாற்றில் ஏழு அத்தியாயம் முழுசாக இருந்தது. எட்டும் ஒன்பதும் ஃபிளாப்பியில்.

ஃபிளாப்பி என்றால் 80 டிராக், இரண்டு பக்கம், டிராக்குக்கு 18 செக்டர், ஆக 2880. ஷட்டரை நகர்த்திப் பார்த்தால் வெள்ளையாகப் பூஞ்சை. அப்படியே டிரைவில் போட்டால் ஹெட்டில் அப்பி, அடுத்து வரும் ஃபிளாப்பியையும் கீறும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால், நடு உலோகத்தை மெல்லத் திருப்பித் திருப்பி இரண்டு பக்கமும் துடைத்தேன். எழுத்துத்தடைத் துளை திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். என் யூஎஸ்பி டிரைவில் 40 செக்டர் வரவில்லை. அதே மேப்ஃபைலோடு அப்பாவின் சிபியுவில் இருந்த டிரைவை மாட்டினேன். ஹெட் நிற்கும் இடம் டிரைவுக்கு டிரைவ் நூலிழை மாறும். எழுதிய டிரைவுக்குத் தன் கையெழுத்து தெரியும் போல. 36 வந்துவிட்டது. நாலு செக்டர் மட்டும் பாக்கி.

திறந்தால் ஒரே ஆங்கிலக் குப்பை. ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் அதுதான் 'தமிழ்'. யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, டிஸ்கிலிருந்த பாமினி ஃபாண்ட் கோப்பையும் இமேஜோடு சேர்த்து வைத்தேன். அது இல்லாமல் பழைய பத்திரிகைகளைத் திறந்து என்ன பயன்? எல்லாவற்றுக்கும் எஸ்எச்ஏ-256 (கோப்பு மாறினால் காட்டிக்கொடுக்கும் கைரேகை மாதிரி) எடுத்து, ஒரு பிரதி என்னிடம், ஒன்று திருச்சியில் தம்பி வீட்டில். பொங்கலுக்குப் பொங்கல் சரிபார்ப்பதாக ஏற்பாடு.

எட்டாம் அத்தியாயத்தை பிரிண்ட் எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். நாலு செக்டர் என்பது 2048 எழுத்து, ஏறக்குறைய ஒரு பக்கம். அந்த இடத்தை வெள்ளையாக விட்டிருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் வாசித்தார். "இங்க தெப்பத்தைப் பத்தி எழுதியிருந்தார். ரெண்டு தடவை தப்பா அடிச்சுத் திட்டு வாங்கினேன்" என்றார். அப்புறம் பேனா கேட்டார்.