அன்னதானக் கந்தனின் மடத்துக் குசினியில்

தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகனுக்கு ஆற்றங்கரையான் என்றும் பேர் உண்டு, சின்னக் கதிர்காமத்தான் என்றும் பேர் உண்டு. வடமராட்சிச் சனம் வாய் நிறையச் சொல்லும் பேர் அன்னதானக் கந்தன். கோயிலைச் சுற்றி மடங்கள் இருக்கின்றன. சந்நிதியான் ஆச்சிரமத்தைப் போன்ற இடங்களில் திருவிழா இல்லாத நாளிலும் பந்தி நடக்கும். கும்பிட வருகிறவர்களோடு, கும்பிட வந்ததாகச் சொல்லிக்கொண்டு பசியாற வருகிறவர்களும் ஒரே பந்தியில் இருப்பார்கள். யார் எதற்கு வந்தார்கள் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை.

போன ஆவணியில் கொடியேற்றத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நல்லூரில் தீர்த்தம் நடக்கும் ஆவணி அமாவாசையை ஒட்டித்தான் சந்நிதியில் கொடி ஏறும். பூரணையோடு திருவிழா நிறைவுறும். இடைப்பட்ட நாட்களில் சனம் நெருக்கியடிக்கும். அம்மாவுக்குச் சீனி வருத்தம், கூடவே பிரஷர். நெரிசலில் நிற்க ஏலாது. அதனால்தான் முந்திப் போனோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து கோப்பாய், நீர்வேலி, புத்தூர், அச்சுவேலி என்று பஸ் போகும். நீர்வேலியில் ரோட்டின் இரண்டு பக்கமும் செம்மண்ணில் வாழைத்தோட்டம். அச்சுவேலி தாண்டினால் காற்றில் உப்பு மணக்கத் தொடங்கும். கோயிலுக்குப் பக்கத்திலேயே தொண்டைமானாறு கடலை நோக்கிப் போகிறது. கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்த ஆறு என்று ஐதீகம்.

சந்நிதியில் மூலவர் வேல்தான். பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வார். மந்திரம் சத்தமாகக் கேட்காது, மணிதான் கேட்கும். கடற்றொழில் செய்துவந்த மருதர் கதிர்காமரை முருகன் ஆற்றங்கரையில் ஆட்கொண்டு, வேலைக் கொடுத்துப் பூசை முறையையும் சொல்லிக்கொடுத்தான் என்பது தல வரலாறு. அந்த முறைப்படி இன்றைக்கும் 65 ஆலமிலைகளில் அமுது படைக்கிறார்கள். திரை விலகி, கற்பூர வெளிச்சத்தில் வேல் தெரிந்தபோது அம்மா கையைத் தலைக்கு மேலே தூக்கி "முருகா, முருகா" என்று அழுதே விட்டார். எனக்கு அன்று மனது அந்த இலைகளிலேயே நின்றது. ஆண்டவனுக்கு முதல்நாள் மிச்சத்தை யாரும் படைப்பதில்லை. அரிசி களைவதிலிருந்து எல்லாம் அன்றன்றைக்குத்தான். மகேசுவர பூசை என்று நாம் சொல்லுவது அடியாரையே சிவமாக நினைத்து அமுது செய்விப்பதை. அப்படியென்றால் பந்தியில் இருக்கிறவருக்கும் அதே பக்குவத்தில்தானே இலை போட வேண்டும்?

இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பூசை முடிந்து நாங்கள் போன மடத்தில் அதைச் செய்துகொண்டே இருந்தார்கள்.

அம்மாவைத் திண்ணையில் இருத்திவிட்டுத் தண்ணீர் கேட்கப் பின்பக்கம் போனபோது குசினியைப் பார்த்தேன். மூன்று பெரிய அடுப்பு. பனைமட்டையும் காய்ந்த விறகும் அடுக்கிக் கிடந்தன. ஒரு கிடாரத்தில் வெள்ளைச் சோறு வடிந்துகொண்டிருந்தது. இன்னொன்றில் சாம்பாறு. சுவரோரம் சின்னக் கல்லடுப்பில் மூன்று பானைகள் தனியாக இருந்தன. சமையலுக்குப் பொறுப்பாக நின்றவர் எழுபது வயதுக்கு மேலே இருப்பார். வேட்டியை மடித்துக்கட்டி, தோளில் ஈரத் துவாய். அந்தச் சின்னப் பானைகள் யாருக்கு என்று கேட்டேன்.

"பிள்ளை, இது குத்தரிசி. சீனி வருத்தக்காரருக்கு. மற்றது உப்புக் குறைச்ச பாற்கறி. அங்காலை இருக்கிறது கஞ்சி, பல்லில்லாத கிழடுகளுக்கு."

"ஒவ்வொரு நாளுமோ ஐயா?"

"பசி ஒவ்வொரு நாளும்தானே வருகுது."

அவர் சோற்றைக் கிளறின விதத்தை நான் மறக்க மாட்டேன். நீளக் கரண்டியை அடிவரைக்கும் விட்டு, ஒரு பக்கமாகத் தூக்கிப் புரட்டி, ஆவி கிளம்பும்போது முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். ஒரு பருக்கையை இரண்டு விரலால் நசித்தார். சரி என்று தலையாட்டின பிறகுதான் பொடியன்கள் வாளியை நீட்டினார்கள். முழு அரிசியையும் ஒரே தரத்தில் போடுவதில்லை என்றார். முதல் பந்தி இருந்ததும் இரண்டாம் உலையில் அரிசி போடுவார்கள். சனம் குறைந்தால் அந்த அரிசி மூட்டையிலேயே இருக்கும், சோறாகிப் பழுதாகாது. வடித்த சோறு இரண்டு மணித்தியாலத்துக்கு மேலே வெளியில் இருக்கப்படாது என்பது அவர் கட்டளை.

அதில் விஷயம் இருக்கிறது. அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை. சோறு 60 பாகைக்குக் கீழே ஆறி அப்படியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சில் ஒருவகை, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. தேங்காய்ப்பால் விட்ட கறி நம்முடைய வெக்கைக்கு எவ்வளவு கெதியாகப் புளிக்கும் என்று வீட்டில் சமைக்கிற எல்லாருக்கும் தெரியும். நல்ல சாப்பாடு கிடைக்கிறவருக்கு ஒருநாள் வயிற்றோட்டம் வந்தால் மருந்தோடு போய்விடும். ஏற்கெனவே வாடிப்போன உடம்புக்கும் குழந்தைக்கும் அது உயிர்ப் பிரச்சினை. ஏழைக்குத்தானே என்று பின்னேரம் வரைக்கும் கிடந்த பார்சலைக் கொடுக்கிற ஆட்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பந்தியில் என் எதிரே ஒரு மனிதர் இருந்தார், ஐம்பது வயது மதிக்கலாம். கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருகிறவராம். வாழைப்பழம், இளநீர் இரண்டும் வேண்டாம் என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். பொட்டாசியம் கூடினால் இதயத்துக்கே பாதிப்பு. சிறுநீரகம் பழுதானவருக்கு மரக்கறியைச் சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கச் சொல்லுவார்கள். பரிமாறின தம்பி அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. உப்புக் குறைந்த புடலங்காய்ப் பாற்கறியை வைத்தான், கீரைக்கடையலை விட்டு நகர்ந்தான். கடைசியில் எல்லாருக்கும் கதலிப்பழம் வைத்து வந்தபோது அவர் இலையில் ஒரு துண்டு அன்னாசி வைத்தான். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். பசியோடு வந்து, இலையில் இருப்பதெல்லாம் தனக்கு ஆகாதது என்று எழும்பிப்போவது எவ்வளவு பெரிய அவமானம்! அது அவருக்கு அங்கே நேரவில்லை.

அம்மாவுக்குக் குத்தரிசிச் சோறு. "கொஞ்சமாப் போடுறன் அம்மா, கறியைக் கூட வாங்குங்கோ" என்று பயற்றங்காயும் முருங்கையிலை வறையும் இரண்டு தரம் வைத்தார்கள். பாயாசம் வந்தபோது அம்மா இலையை மறைக்கப் போனார். அந்தப் பொடியன் சிரித்துக்கொண்டு, "உங்களுக்கு மோர் இருக்கு அம்மா" என்றான். கோயில்களில் அம்மா வழக்கமாகப் பாதி வயிற்றோடுதான் எழும்புவார். அன்று நிறைவாகச் சாப்பிட்டார்.

மூலையில் பிள்ளை பெற்று ஒன்றிரண்டு மாதமான ஒரு பெண், மடியில் குழந்தையோடு. தாயோ மாமியோ ஒருவர் பக்கத்தில். அவளுக்கு உறைப்பில்லாமல், மிளகும் சீரகமும் உள்ளியும் அரைத்துப் போட்ட சரக்குக்கறி. பத்தியச் சாப்பாடு என்றால் வீட்டில் ஆச்சி இருந்து சமைக்க வேண்டும். ஆச்சி இல்லாத வீடுகள், கூலி வேலைக்குப் போனால்தான் உலை கொதிக்கும் வீடுகள், போருக்குப் பிறகு பெண் தனியாகச் சுமக்கும் வீடுகள் நம் பக்கத்தில் எத்தனையோ. அப்படி ஒரு வீட்டுப் பெண்ணுக்கு மடம்தான் ஆச்சி வீடு.

கஞ்சியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1870களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் பஞ்சமும் வாந்திபேதியும் ஒன்றாக வந்தன. அப்போது ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்கு ஊற்றுவித்தார். வசதியானவர்களிடம் பொருள் திரட்டி நடத்திய தருமம் அது. பலபேருக்கு ஊற்றலாம் என்பது கஞ்சியின் ஒரு நன்மை. இன்னொன்றும் உண்டு. பல நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாக நிறையச் சோறு கொடுத்தால், இரத்தத்தில் பொஸ்பேற்று போன்ற உப்புகள் சடுதியாக இறங்கி உயிருக்கே ஆபத்து வரலாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். அந்த மடத்திலும் அப்படித்தான். தள்ளாடி வருகிறவருக்கு முதலில் பயறு போட்ட இளங்கஞ்சி ஒரு கோப்பை. இருத்தி, காற்றுப்பட விட்டு, அப்புறம்தான் அடுத்த கோப்பை.

2022இன் பொருளாதார நெருக்கடியை இந்தப் பக்கத்தில் ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள். காஸ் சிலிண்டருக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. அந்தச் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம், முந்திய வருடம் 100 ரூபாய்க்கு வாங்கினது கிட்டத்தட்ட 195 ரூபாய். மாதச் சம்பளக்காரரும் அந்த நாட்களில் மடத்துக்கு வந்து, தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் கடைசிப் பந்தியில் இருந்தார்கள் என்று ஐயா சொன்னார். விறகடுப்பு என்றபடியால் காஸ் தட்டுப்பாடு அவர்களைத் தொடவில்லை. அரிசிதான் தொட்டது. வடை, பாயாசம் எல்லாவற்றையும் நிறுத்தி, சோறு, பருப்பு, ஒரு கீரை என்று குறைத்து, பந்தியை மட்டும் நிறுத்தாமல் நடத்தினார்களாம். கீரை அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர் காலையில் பிடுங்கிக் கொண்டுவந்து போட்டது. "முருகன் படியளந்தான்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது.

வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்கள் பிறந்தநாளுக்கும் ஆண்டுத் திவசத்துக்கும் காசு அனுப்பி அன்னதானம் செய்விப்பது பெரிய புண்ணியம். அந்தக் காசு இல்லாவிட்டால் பல அடுப்புகள் எரியாது. அவர்களிடம் ஒன்றைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். எட்டுக்கறியும் பாயாசமும் வடையும்தான் வேண்டும், அதுவும் தேர் அன்றைக்கே வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். தேர், தீர்த்தத்துக்கு எல்லாரும் போடுவார்கள். இலையில் மிஞ்சிக் குப்பைக்குப் போகும். பத்து நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, மழை இருட்டில், ஆற்றங்கரைப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்காத நாளில் அடுப்பை மூட்ட ஆள் வேண்டும். எந்த நாள் வெறுமையாக இருக்கிறது, எந்தச் சாமான் முடிந்துவிட்டது என்று மடத்தையே கேளுங்கள். குத்தரிசி, பயறு, குரக்கன் மா, மிளகு, நல்லெண்ணெய் எல்லாம் இருந்து பாவிக்கிற சாமான். நம்மூர்த் தோட்டத்தில் காலையில் பறித்த கத்தரிக்காயை அன்றைக்கே வாங்கிக் கொடுத்தால் தோட்டக்காரர் வயிறும் நிறையும்.

மிஞ்சின சாப்பாட்டையும் ஐயா ஒழுங்காகவே பார்க்கிறார். கடைசிப் பந்தி இருக்கும்போதே, கிடாரத்தில் கையோ எச்சில் கரண்டியோ படாத சோற்றை ஆவி பறக்க மூடிப் பாத்திரத்தில் அள்ளி, முச்சக்கர வண்டியில் பக்கத்து முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார். எத்தனை பேர் இருக்கிறார்கள், அதில் சீனிக்காரர் எத்தனை, கஞ்சி எத்தனை பேருக்கு என்று முதலே போனில் கேட்டு வைத்திருப்பார். பன்னிரண்டரைக்குச் சமைத்தது ஒன்றரைக்கு முன்னம் அங்கே இலையில் இருக்கும்.

நயினாதீவுக்கும் அம்மாவோடு போவதுண்டு. மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் அந்தத் தீவுதான் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. நாகபூஷணி அம்மன் கோயிலடியில் சாப்பிட இருக்கும்போது, அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தைத்தான் நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். இப்போது அந்தப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் மூன்று சின்னப் பானைகளும் நினைவுக்கு வருகின்றன.

வெளிக்கிடும் முன்னம் அப்பாவின் திவசத்தைப் பற்றி அம்மா ஐயாவிடம் கதைத்தார். கார்த்திகை மாதத்தில் வரும். அம்மா முதலில் மனதில் வைத்திருந்தது பெரிய சாப்பாடு, பாயாசத்தோடு. குசினியைப் பார்த்த பிறகு, "எது தேவையோ அதைச் சொல்லுங்கோ" என்றார். ஐயா கொப்பியை எடுத்துப் புரட்டினார். கார்த்திகையில் மூன்று நாட்களுக்குப் பேர் எழுதியிருக்கவில்லை. திவசத்துக்குக் கிட்ட உள்ள புதன்கிழமையை அம்மா எடுத்துக்கொண்டார். இரண்டு மூட்டை குத்தரிசி, பத்துக் கிலோ பயறு, மிளகு, சீரகம், அன்றைக்குக் காலையில் அச்சுவேலிச் சந்தையில் மரக்கறி. எழுதி முடித்துவிட்டுப் பேனையை மூடப் போனவர், கொஞ்சம் யோசித்து, கஞ்சிப் பானைக்கு இறுக்கமான மூடி ஒன்று இல்லை என்றார். அம்மா அதையும் எழுதச் சொன்னார்.