பவர் பிரஸ்ஸுக்கு நாமே கட்டிய ஸ்ட்ரோக் கவுன்ட்டர்: எண்ணிக்கை தப்பிய இடங்கள்

ஓசூர் பக்கம் ஜாப் ஒர்க் எடுக்கும் ஷெட்களில் எண்ணிக்கைத் தகராறு இல்லாத மாதம் குறைவு. நாம் அனுப்புவது பீஸ் கணக்கு, வாங்குகிறவர்கள் எடுப்பது எடைக் கணக்கு. எப்போதோ 100 பீஸை எடை போட்டு வைத்திருப்பார்கள், வந்த சரக்கின் மொத்த எடையை அதை வைத்து வகுத்துவிடுவார்கள். அந்த 100 பீஸ் 1.60 மி.மீ. ஷீட்டில் வெட்டியது, இந்த லோடு 1.57 மி.மீ. ஷீட்டில் வெட்டியது என்றால் நூற்றுக்கு இரண்டு பீஸ் காற்றில் போய்விடும். பில்லில் கழிப்பது நம்மிடம்தான். அதனால்தான் எங்கள் பழைய சி-ஃபிரேம் பவர் பிரஸ்ஸுக்கு (மோட்டாரில் ஓடி ஷீட்டை வெட்டும் மெஷின்), நிமிடத்துக்கு 55 ஸ்ட்ரோக் (ஒரு முறை இறங்கி ஏறுவது ஒரு ஸ்ட்ரோக்) ஓடுவது, ஒரு கவுன்ட்டர் கட்டினோம். எண்ண வைப்பது ஒரு நாள் வேலை. சரியாக எண்ண வைக்க ஒன்றரை மாதம் ஆனது.

முதலில் செய்தது பலரும் செய்கிற கால்குலேட்டர் வழி. சாதா கால்குலேட்டரில் 1 + 1 தட்டி, பிறகு = தட்டத் தட்ட ஒவ்வொன்றாக ஏறும். கேசியோ என்றால் 1 தட்டி + இரண்டு முறை அழுத்த வேண்டும், அப்போதுதான் அந்த 1 நிலையாக நிற்கும். = பட்டனின் இரண்டு முனையிலும் ஒயர் சால்டர் செய்து ரீட் ஸ்விட்சுக்கு (காந்தம் நெருங்கினால் இணையும் ஸ்விட்ச்) கொண்டுபோனால் முடிந்தது. கையால் இழுக்கும் ஹேண்ட் பிரஸ்ஸுக்கு இது இன்றும் போதும். பவர் பிரஸ்ஸில் நிற்காது. டீ இடைவேளையில் கால்குலேட்டர் தானாக அணைந்து காலை முழுக்க எண்ணியது அழிந்தது. நான்காம் நாள் பிளாங்க் (ஷீட்டிலிருந்து வெட்டி எடுக்கும் துண்டு) வெட்டும் அதிர்ச்சியில் ரீட் ஸ்விட்சின் கண்ணாடிக் குழாயே விரிசல் விட்டுவிட்டது.

அடுத்தது இண்டக்டிவ் பிராக்ஸிமிட்டி சென்சார், அதாவது இரும்பு அருகில் வந்தால் தொடாமலே உணர்வது. இங்கேதான் ஒரு பெங்களூர் பயணம் வீணானது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் "எம்12 சென்சார்" என்று மட்டும் கேட்டதால் கொடுத்தது இரண்டு ஒயர் ஏசி சென்சார், 90 முதல் 250 வோல்ட்டில் ஓடுவது. அத்திப்பள்ளி தாண்டி வீடு வந்து பெட்டியைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. மாற்றித் தர முடியாது என்றார்கள். கேட்கும்போது ஒரே மூச்சில் முழுவதும் சொல்லுங்கள்: எம்12, மூன்று ஒயர், டிசி 10–30 வோல்ட், என்பிஎன், நார்மலி ஓப்பன், நான்-ஃபிளஷ், 4 மி.மீ. தூரம். பழுப்பு பிளஸ், நீலம் மைனஸ், கறுப்பு அவுட்புட். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே 12 வோல்ட் கொடுத்து, முன்னால் இரும்பு காட்டி, பின்னால் இருக்கும் எல்இடி எரிகிறதா என்று பாருங்கள். காட்டும் துண்டு சாதா இரும்பாக இருக்கட்டும். அலுமினியம் என்றால் பிடிக்கும் தூரம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

சென்சாரை எங்கே வைப்பது என்பதில்தான் அதிக நாள் போனது. பிளைவீலில் (மோட்டார் சுழற்றும் கனமான சக்கரம்) வைக்கலாம் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். கிளட்ச் விழாத நேரத்திலும் பிளைவீல் சுற்றிக்கொண்டே இருக்கும். நாங்கள் ரேமில் (பிரஸ்ஸில் மேலும் கீழும் போய்வரும் பாகம்) ஒரு சின்னத் தகடு மாட்டி, ஸ்ட்ரோக்கின் நடுப்பகுதியில் சென்சாரை நிறுத்தினோம். சோதனைக்கு 1,250 மி.மீ. ஸ்ட்ரிப் (நீளவாக்கில் நறுக்கிய ஷீட்) பத்து ஓட்டினோம். 42 மி.மீ. பிட்ச் (ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் உள்ள தூரம்) என்பதால் ஒரு ஸ்ட்ரிப்புக்கு 29 பிளாங்க், மொத்தம் 290. திரையில் நின்றது 580. இறங்கும்போது ஒன்று, ஏறும்போது ஒன்று. புரோகிராமில் 400 மில்லி செகண்ட் பூட்டு (ஒரு பல்ஸ் வந்தபின் அவ்வளவு நேரம் அடுத்ததை எண்ணாமல் விடுவது) போட்டிருந்தும் பிடிக்கவில்லை, ஏனென்றால் அந்த இரண்டு பல்ஸுக்கும் நடுவே அரை செகண்டுக்கு மேல் இருந்தது. பூட்டு நேரத்தை நீட்டி இதைச் சரிக்கட்ட நினைக்காதீர்கள், மோட்டார் வேகம் மாறினால் மறுபடி தப்பும்.

தகட்டை ரேமின் கீழ்நிலையில் பிடித்தோம். எண்ணிக்கை சரியாக வந்தது, அடுத்த டை (வெட்டும் அச்சு) மாற்றும் வரை. புது டைக்கு ரேம் உயரத்தைத் திருகி இறக்கியதும் தகடு சென்சாரைத் தாண்டிப் போய்விட்டது. அதுவும் நல்ல வேளை, பக்கவாட்டில் வைத்திருந்தோம். தகட்டுக்கு நேர் கீழே வைத்திருந்தால் சென்சார் நசுங்கியிருக்கும்.

கடைசியாக நிலைத்த இடம், சுற்றி ரேமை இயக்கும் கிராங்க் ஷாஃப்ட்டின் மறுமுனை, பிரேக் டிரம் பக்கம். ஷாஃப்ட் முனையில் ஏற்கெனவே ஒரு போல்ட் இருந்தது. அதன் அடியில் 5 மி.மீ. கனமுள்ள இரும்புப் பட்டையைக் கொடி மாதிரி நீட்டி இறுக்கினோம். பாதுகாப்புக் கார்டு மாட்டும் பழைய ஓட்டையில் பிராக்கெட் போட்டு சென்சார், நடுவில் 2 மி.மீ. இடைவெளி. எந்த டை ஏறினாலும் ஒரு சுற்றுக்கு ஒரு பல்ஸ்தான். கொடி சென்சாரைக் கடக்கும் நேரம் ரேம் கீழே இருக்கும் நேரமாக இருக்க வேண்டும். மேலே நிற்கும் இடத்தில் வைத்தால், பிரேக் லைனிங் தேய்ந்த பிரஸ்ஸில் ஷாஃப்ட் நின்றபின் லேசாக ஆடும், கொடி சென்சார் விளிம்பில் தள்ளாடி இரண்டு மூன்று எண்ணிக்கை கூட்டிவிடும். இந்த வேலை முழுவதும் மெயின் அணைத்துப் பூட்டி, பிளைவீல் முழுக்க நின்ற பிறகு, ரேமுக்கு அடியில் கட்டை வைத்துச் செய்ய வேண்டியது. மோட்டார் நின்றாலும் பிளைவீல் சில நிமிடம் ஓடும், அந்த நேரத்தில் பெடல் மிதிபட்டால் ரேம் இறங்கும். ஃபிரேமில் வெல்டிங்கும் வேண்டாம், எர்த் கரன்ட் பேரிங் வழியாகப் போகும்.

எலக்ட்ரானிக்ஸ் பக்கம் ஆர்டுயினோ நானோ (புரோகிராம் ஏற்றி ஓட்டும் சின்ன போர்டு). சென்சார் அவுட்புட்டை நேராக நானோவின் இன்புட் பின்னில் கொடுக்காதீர்கள். சில சென்சாருக்குள்ளேயே பிளஸ்ஸுக்கு இழுக்கும் ரெசிஸ்டர் இருக்கும், 5 வோல்ட் பின்னுக்கு 12 வோல்ட் ஏறும். நடுவில் பிசி817 ஆப்டோகப்ளர் (ஒளி வழியாக மட்டும் சிக்னல் கடத்தும் பாகம்), அதன் எல்இடிக்கு 1 கிலோ ஓம். நான்கு இலக்க டிஎம்1637 டிஸ்ப்ளே வாங்கியதும் தவறு, 9,999 தாண்டினால் இடமில்லை. எட்டு இலக்க மேக்ஸ்7219 வாங்குங்கள். அந்த டிஸ்ப்ளேயை நானோவின் சொந்த ரெகுலேட்டர் தாங்காது, கை வைக்க முடியாத சூடாகும். வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் எல்எம்2596 மாட்யூலை மீட்டர் வைத்து 5 வோல்ட்டுக்குத் திருகிய பிறகே இணைக்க வேண்டும்.

பிறகு தொட்டது மின்தடைப் பிரச்சினை. கரன்ட் போய் வந்தால் எண் நிற்க வேண்டும். நானோவின் ஈஇப்ராம் (கரன்ட் போனாலும் அழியாத நினைவகம்) 1,024 பைட், ஒரு இடத்தில் 1 லட்சம் முறை எழுதத்தான் உத்தரவாதம். ஷிப்டுக்கு 8,000 ஸ்ட்ரோக் என்றால் ஒரே இடத்தில் எழுதினால் 13 ஷிப்டில் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். அதனால் 5 பைட்டுக்கு ஒன்றாக 204 அறைகள் பிரித்து, எண் 4 பைட், சரிபார்ப்புக் கூட்டல் 1 பைட் என்று சுழற்சியில் எழுதினோம். எழுதும் நடுவே கரன்ட் போனாலும் கூட்டல் பொருந்தாத அறையை ஒதுக்கிவிடலாம். கரன்ட் வந்ததும் சரியான அறைகளில் பெரிய எண் எதுவோ அதை எடுக்கும்.

இதில் ஒரு பிழை எங்களை இரண்டு நாள் அலைக்கழித்தது. ரீசெட் அழுத்தி 0 ஆக்கி, வேலை தொடங்கி, மாலை கரன்ட் போய் வந்தால் பழைய வேலையின் எண் திரும்ப வந்து உட்காரும். பெரிய எண்ணைத் தேடு என்று எழுதிவிட்டு 0 எழுதினால் அது எப்படி ஜெயிக்கும்? இப்போது மொத்த எண்ணைத் தொடுவதே இல்லை, அது ஏறிக்கொண்டே போகும். ரீசெட் அழுத்தினால் அப்போதைய மொத்தம் மிச்சமுள்ள 4 பைட்டில் தொடக்க எண்ணாகப் பதியும். திரையில் காட்டுவது இரண்டின் வித்தியாசம். இது கூடுதல் நன்மையாகவும் ஆனது: யாரோ தெரியாமல் ரீசெட் அழுத்தினாலும் மொத்தத்தைப் பார்த்து மீட்டுவிடலாம்.

மோட்டார் ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் ஒன்று கூடினால் சென்சார் ஒயரும் மோட்டார் ஒயரும் ஒரே பைப்பில் போகிறது என்று பொருள். பிரித்துவிடுங்கள். ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரன்ட் விடும் ஸ்விட்ச்) காயிலுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டரும் 100 ஓமும் தொடராகப் போட்டதும் எங்களுக்கு முழுக்க நின்றது.

கவுன்ட்டர் எண்ணுவது ஸ்ட்ரோக்கை, நல்ல பீஸை அல்ல என்பதை ஆபரேட்டரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். டை செட் செய்ய பிளைவீலைக் கையால் உருட்டும்போது எண்ணாமலிருக்க ஒரு சாவி ஸ்விட்ச் வைத்தோம். வெற்று ஸ்ட்ரோக்கை ஸ்கிராப் ஸ்ட்ரிப்பில் உள்ள ஓட்டைகளை வைத்துச் சரிபார்க்கலாம். ஷிப்ட் முடிவில் கழிவு ஸ்ட்ரிப்பை எண்ணி 29ஆல் பெருக்கிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

இப்போது டெலிவரி சலானில் தொடக்க எண், முடிவு எண் இரண்டும் எழுதுகிறோம். போன லோடு 400 ஸ்ட்ரிப், 11,600 பீஸ், பத்து பெட்டி. அவர்கள் எடையில் 11,380 என்றார்கள். ஒரு பெட்டியைக் கொட்டி எண்ணச் சொன்னோம். எடையில் 1,138 காட்டிய பெட்டியில் 1,160 இருந்தது. மீதி ஒன்பதைக் கொட்டவில்லை, சலானில் இருந்த எண்ணுக்கே பில் போட்டார்கள்.